தலைக்கு இருபது

படிவத்தில் ஒரு கட்டம்:
தலைக்கு இருபது லிட்டர்.
தலைகள் நானூற்றுப் பன்னிரண்டு.
பெருக்கி, அடிக்கோடிட்டு,
மோட்டார்சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு
தம்போகோவுக்கு வந்தேன்.
ஹர்மத்தான் காற்று.
எதிரே வருபவர் தூசியிலிருந்து
துண்டு துண்டாகத்தான் வந்தார்:
முதலில் கழுதையின் காது,
பிறகு பீப்பாய் வண்டி,
கடைசியில் ஆள்.

"எந்தத் தலைக்கு?" என்றாள் பொக்பிலா.
முளைகட்டிய சிவப்புச் சோளத்தைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்த கை
நிற்கவில்லை.
"என் தலைக்கா, இந்த ஆட்டின் தலைக்கா?
தோலோ காய்ச்சும் நாளில்
நாலு பானைக்கு முந்நூறு லிட்டர் போகிறது.
பானைக்குத் தலை ஏது, ஐயா?
கழுத்துதானே இருக்கிறது!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
கட்டம் சிரிக்கவில்லை.

பகல் முழுக்க எண்ணினேன்.
முப்பத்தோரு மாடு, நூற்று நாற்பது ஆடு, ஒன்பது கழுதை.
நோகா கல் அறுக்கிறான்;
குழைத்த மண்ணை அச்சில் அறையும்போதெல்லாம்
அவன் முழங்கை வரை தண்ணீர் தெறிக்கிறது.
தெவெந்தே வெங்காயப் பாத்திக்குச்
சுரைக்குடுக்கையால் ஊற்றுகிறாள்,
குழந்தைக்கு மருந்து ஊற்றுவதுபோல
ஒவ்வொரு வேருக்கும் ஒரு மடக்கு.
மஞ்சள் கேனைச் சுமந்து ஒரு பெண் கடந்து போனாள்.
கேனில் இருபது லிட்டர்.
அப்படிப் பார்த்தால்
என் படிவம் ஒரு தலைக்குச் சரிதான்.

ஐந்து வருடத்துக்கு முன், பக்கத்து ஊரில்
ஒரு குழாய் வைத்தேன்.
'குடிக்க மட்டும்' என்று பலகை மாட்டினேன்.
இரண்டே மாதம். குழாயின் மூக்கை உடைத்திருந்தார்கள்.
'தவறான பயன்பாடு' என்று அறிக்கை எழுதினேன்.
உடைந்த மூக்கிலிருந்து ஒரு வாய்க்கால் போனதை,
அதன் முடிவில் தக்காளி இருந்ததை
எழுதவில்லை.
பழமொன்று தந்தார்கள். தின்றேன்.

இரவு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கணக்கு.
ஆழ்துளை மணிக்குத் தொள்ளாயிரம் லிட்டர் தரும்.
பத்து மணி நேரத்துக்கு மேல் இறைத்தால் மணல் வரும்.
ஒன்பதாயிரம்.
வாய்களுக்கு எட்டாயிரத்து இருநூற்று நாற்பது போக
எழுநூற்று அறுபது மிச்சம்.
மாடுகளே அதைக் குடித்துவிட்டு
இன்னும் கேட்டு நிற்கும்.

காலையில் பொக்பிலா தன் முற்றத்தைக் காட்டினாள்.
மூடியிட்ட பானை: குடிக்க.
விளிம்பு உடைந்தது: கழுவ.
மூடியே இல்லாத அண்டாவில்
ஓடைக் குட்டையின் கலங்கல்: ஆட்டுக்கு, மண்ணுக்கு.
"செங்கல்லுக்கு நாக்கு இருக்கிறதா?
நல்ல தண்ணீரை அதற்கு யார் கொடுப்பார்கள்?"
இருபது வருடம் நான் ஒரே தண்ணீரை
ஒரே குழாயில் கொண்டுவந்துகொண்டிருந்தேன்.
இவள் வீட்டில் மூன்று தண்ணீர்.

ஓடையோரத்துப் பழங்கிணற்றைத் தூர்வாரி
சிமெண்ட் உறை இறக்கலாம்.
மாடும் நோகாவும் அங்கே.
குழாயடியில் சிந்துவது வாய்க்காலாகத்
தெவெந்தேயின் பாத்திக்கு; மூக்கை
நாமே வளைத்து வைத்துவிடலாம்.
எல்லாரும் தலையாட்டினார்கள்.
தோலோவில்தான் முட்டியது.

"கள்ளுக்கா நல்ல தண்ணீர்?" என்றார் மாட்டுக்காரர் ஒருவர்.
"உன் மகனின் பள்ளிக் கட்டணத்தை
உன் மாடா கறந்தது?" என்றாள் அவர் மனைவி.
மிச்சத் தண்ணீரில் நாளுக்கு இரண்டு காய்ச்சல்.
மூன்று நாளுக்கு ஒரு சந்தை.
ஆகவே ஆறு பேர்.
காய்ச்சுகிறவர்கள் ஒன்பது பேர்.
நான் வண்டியை உதைத்துக் கிளப்பியபோதும்
அந்தச் சண்டை ஓயவில்லை;
என்னிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவுமில்லை.

படிவத்தின் ஓரத்தில் பேனாவால் கோடிழுத்து
புதிய கட்டங்கள் போட்டு அனுப்பினேன்.
ஏழாம் நாள் திரும்பி வந்தது.
சிவப்பு மையில் ஒரே கேள்வி:
'பானை என்பது எந்த அலகு?'